பெட்டிக்குக் காவல்

போர்வையின் ஓரம் தரையைத் தொடவில்லை.

காலையில் தொட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பார்ப்பதற்கு அவனுக்கு வேறு எதுவும் இல்லை. விடிந்ததும் மனைவி அவன் தலையை இடப்பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து அவன் கண்ணெதிரே இருப்பது சுவர், சுவரில் மாட்டிய இன்வெர்ட்டர், அதற்குக் கீழே தரையில் பேட்டரிப் பெட்டி, பெட்டியை மூடிய நீலப் பூப்போட்ட பழைய போர்வை. அதன் ஓரம் இரண்டு தரைக்கற்கள் சேரும் கறுப்புக் கோட்டின் மேல் சரியாகப் படிந்திருந்தது. இப்போது ஓரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும்.

யாரும் போர்வையைத் தொடவில்லை. போர்வை சுருங்கவும் இல்லை. அப்படியானால் உள்ளே இருப்பது பெருத்திருக்கிறது.

வெளியே மழை தகரத்தின் மேல் கல்லை வாரிக் கொட்டுவதுபோல விடாமல் பெய்துகொண்டிருந்தது. புயல் என்று சொல்லியிருந்தார்கள். ஜன்னல்களை மூடி, சட்டத்தின் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்திருந்ததால் நடுப்பகலிலேயே அறை பொழுது சாய்ந்தது போலக் கிடந்தது. அவன் தலைக்கு வலப்புறம், தாழ்வான ஸ்டூலின் மேல் மூச்சு இயந்திரம், தொண்டையில் செருகிய குழாய் வழியாக அவனுக்குள் காற்றை அனுப்பி, நிறுத்தி, வெளியே விட்டுக்கொண்டிருந்தது. உஸ். டக். ஹா. உஸ். டக். ஹா. மின்சாரம் முந்தின நாளே போய்விட்டது. நடுவில் கொஞ்ச நேரம் வந்தது. பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டதுபோலப் பெட்டி அதை அள்ளிக் குடித்தது. மறுபடி போனது. இப்போது இயந்திரத்தை ஓட்டுவது அந்தப் பெட்டிதான்.

அவன் பேட்டரிக்காரன். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அவன் மாட்டிய இன்வெர்ட்டர்தான் ஓடுகிறது. வாடிக்கையாளர்களிடம் ஒரே பாட்டைத்தான் பாடுவான். "நாய் வளக்கிற மாதிரி நெனச்சுக்கங்க. வெளியில கட்டுங்க. காத்தாட விடுங்க. துணி போட்டு மூடாதீங்க. படுக்கிற ரூம்ல மட்டும் சத்தியமா வேணாம்." தன் வீட்டிலும் அப்படியே செய்திருந்தான். வெளிச்சுவரில், கூரை போட்டு, காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும்படி.

பிறகு ஒரு நாள் கடையில் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. புத்தி அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் கேட்காது என்றார் டாக்டர், நல்ல செய்தி சொல்கிறவரைப் போல. மிச்சம் இருந்தது இமையும், கண்ணை மேலும் கீழும் உருட்டுவதும்தான். பக்கவாட்டில் உருட்ட முடியாது. எந்தப் பக்கம் தலையைத் திருப்பி வைக்கிறார்களோ அதுதான் அவன் உலகம்.

அதன்பின் நடந்ததெல்லாம் அன்பால் நடந்தது. பெட்டி வெளியில் மழையில் கிடக்க வேண்டாம் என்று மனைவி உள்ளே கொண்டுவரச் சொன்னாள். "உங்க உயிரே அதுலதான் இருக்கு. உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும்." அவளுடைய தம்பி செல்போன் பழுது பார்க்கிறவன். எதையும் டேப்பை வைத்து ஒட்டிவிடுவதால் தெருவில் அவனுக்கு ஒட்டு என்றே பெயர். அக்கா புருஷனுக்கு நடுவில் மூச்சு நின்றுவிடக் கூடாது என்பதற்காக, விபத்தில் நொறுங்கிய மின்சார ஸ்கூட்டர் ஒன்றிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து இந்தப் பெட்டிக்குள் பழையதோடு சேர்த்துக் கட்டினான். அதிலிருந்து பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நோயாளி தூங்க வேண்டுமே என்று கத்துகிற துண்டைப் பிடுங்கி எறிந்தான். அடுத்து, சூடு ஏறினால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கிற பாதுகாப்பு போர்டு. அது இரண்டு தடவை துண்டித்தது. இரண்டு தடவையும் மூச்சு இயந்திரம் நின்றது. அதற்குள்ளேயே இருந்த சின்ன பேட்டரி என்றோ செத்துவிட்டது. மனைவி கட்டில் கம்பியில் தொங்கும் ரப்பர் பலூனைக் குழாயில் மாட்டி, அழுதுகொண்டே கையால் அமுக்கி அவனைக் காப்பாற்றினாள்.

"சும்மா சும்மா கட் பண்ணுதுக்கா இந்த சனியன்" என்று ஒட்டு அந்த போர்டையே தாண்டி வயரை இழுத்துவிட்டான். "இனிமே என்ன ஆனாலும் கட் ஆவாது."

அவன் அன்று இரண்டு இரண்டு தடவையாகக் கண்ணை மூடித் திறந்தான். ஒரு தடவை என்றால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்காத கேள்விக்குச் சொல்கிற இல்லையை யார் எடுத்துக்கொள்வார்கள்?

கடைசியாகப் போர்வை. பெட்டியின் பச்சை விளக்கு அவன் கண்ணில் அடிக்கிறது என்று மனைவி போர்த்திவிட்டாள்.

டிக்.

மழைக்கு உள்ளே, மூச்சு இயந்திரத்துக்கு உள்ளே, மெல்லியதாக ஒன்று. பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கட்டைவிரலால் அமுக்கினால் வருகிற சத்தம். அவன் காத்திருந்தான். உஸ். டக். ஹா. வரவில்லை. தன் கற்பனை என்று நினைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது வந்தது.

டிக்.

கதவைத் திறந்துகொண்டு ஒட்டு வந்தான், தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு.

"என்ன மாமா, ஜம்முனு படுத்திருக்கீங்க? வீட்லயே உங்க ரூம்லதான் ஃபேன் ஓடுது. நாங்கல்லாம் ஹால்ல மெழுகுவத்தியோட பேய் மாதிரி அலையுறோம்." போர்வையின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு உடனே எடுத்தான். ஊதினான். "அடேங்கப்பா. நல்லா சூடா இருக்காரே!"

பின்னால் வந்த அக்கா கேட்டாள். "சூடா இருந்தா பரவாயில்லயாடா?"

"வேலை செய்யுதுல்ல? வேலை செஞ்சா யாருக்கும் சூடாகும். நம்ம வீட்ல அது ஒண்ணுதான் உருப்படியா வேலை செய்யுது."

அவன் கண்ணை மூடித் திறந்தான். இரண்டு. இரண்டு. இரண்டு. இரண்டு.

"பாத்தியாக்கா, மாமா என்னப் பாத்துக் கண்ணடிக்கிறாரு. பழைய குசும்பு போவலயே." ஒட்டு அவன் தோளைத் தட்டினான். தட்டியது அவனுக்குத் தெரிந்தது. தோல் எல்லாவற்றையும் உணர்ந்தது, ஒன்றையும் திருப்பிச் சொல்லாது. "சார்ஜ் கம்மியாத்தான் இருக்கு. இந்த ரூம் லைட்டயும் அணைச்சிரு. ஃபேனும் மிஷினும் மட்டும் ஓடட்டும். நான் போய் கடையில இன்னொரு பேட்டரி கெடக்கு, எடுத்தாறேன். டார்ச்ச நான் எடுத்துட்டுப் போறேன்க்கா, தெருவெல்லாம் முழங்கால் தண்ணி."

"போனும் சாவப்போவுதுடா. ஆத்திர அவசரத்துக்கு ஆம்புலன்ஸ கூப்பிடணும்னா?"

"அப்ப அத நோண்டாத. மெழுகுவத்திதான் கட்டு கட்டா வச்சிருக்கியே."

போகும்போது விலகியிருந்த போர்வையைக் கீழே இழுத்து, ஓரத்தைக் கறுப்புக் கோட்டின் மேல் அழகாகப் படிய வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் அது அங்கேயே இருந்தது. பிறகு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக மேலேறியது.

மனைவி அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது மூக்கைச் சுளித்தாள்.

"என்னமோ நெயில் பாலிஷ் வாசனை அடிக்குது. ஏய் குட்டி! என் நெயில் பாலிஷ எடுத்தியா?"

"நான் எடுக்கல!" வாசலிலிருந்து மகள்.

"கொட்டிட்டு பொய் வேற சொல்றா பாருங்க."

அவனுக்கு வாசனை தெரியாது. காற்று தொண்டைக் குழாய் வழியாக நேரே நெஞ்சுக்குப் போகிறது, மூக்கைத் தொடுவதே இல்லை. சாம்பாரும் சாக்கடையும் அவனுக்கு ஒன்று. ஆனால் அந்த வாசனை என்னவென்று இந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். இனிப்பாக, தலையைக் கிறுகிறுக்க வைக்கிற மாதிரி இருக்கும். பேட்டரிக்குள் இருக்கிற திரவம் எங்கோ கசிந்து ஆவியாகிறது. இதற்குப் பிறகு வருவது புகை. வெள்ளையாக, கனமாக, தரையோடு தரையாகத் தண்ணீர் போலப் பரவும். ஒரு பொறி போதும்.

அவன் கண்ணை மேலே உருட்டினான். கீழே உருட்டினான். மூடித் திறந்தான், மூடித் திறந்தான்.

மனைவி உடனே கட்டிலில் உட்கார்ந்து அவன் முகத்தோடு முகம் வைத்து வரிசையை ஆரம்பித்தாள். அவர்கள் இருவரும் உண்டாக்கிய வரிசை அது. இத்தனை மாதமாக ஒரு நாளும் பொய்க்காதது.

"வலிக்குதா?"

இரண்டு.

"சளி எடுக்கணுமா?"

இரண்டு.

"வயிறா? ஈரமா ஆயிடுச்சா?"

இரண்டு. இரண்டு.

"குளிருதா? வேர்க்குதா? கொசுவா?"

இரண்டு இரண்டு இரண்டு.

"கண்ணு எரியுதா?"

அவன் தயங்கினான். கண்ணை அப்படியே திறந்து வைத்திருந்தான். கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் எதைப் பார்க்கிறான் என்று அவளும் திரும்பிப் பார்க்கலாம். திற, திறந்தே வை, பார்க்கட்டும். அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். சிவந்திருந்தன. தண்ணீர் வழிந்தது.

"எரியுதுதான். சொல்லக் கூடாதா?" என்று சொட்டு மருந்தை எடுத்து இரண்டு கண்ணிலும் விட்டாள். போர்வை, பெட்டி, சுவர் எல்லாம் உருகி ஒன்றாயின. நீலம் மட்டும் மிதந்தது.

உள்ளே அடுப்பில் எதுவோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள். அவள் போன இடத்தில் மகள் வந்து உட்கார்ந்தாள். இன்னும் பள்ளிக்கூடம் போகாதவள். அம்மாவைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் ஒரு வரிசை உண்டு.

"அப்பா, நீ யானையா?"

இரண்டு.

"நீ சோம்பேறியா?"

எப்போதும் இதற்கு அவன் ஒரு தடவை மூடித் திறப்பான், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்று அவன் கண்ணைக் கீழே தாழ்த்தி, அப்படியே நிறுத்தினான். பெட்டி. பெட்டி. பெட்டியைப் பார்.

அவள் பார்த்தாள்.

"பெட்டியா?"

ஒன்று.

"பெட்டிக்குள்ள பாம்பா?"

இரண்டு. கேள். இன்னும் கேள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பெட்டிக்குள்ள பேய் இருக்கா?"

இவ்வளவு கிட்டத்தில் யாரும் வந்ததில்லை. அவன் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடவை மூடி, ஒரு தடவை திறந்தான்.

குழந்தை பெட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கி ஓடினாள். போ, போ, அப்படியே வெளியே போ. கூடத்தில் அவள் குரல் கேட்டது. "அம்மா, பெட்டிக்குள்ள பேய் இருக்காம், அப்பா சொல்லிச்சு!" மனைவியின் சிரிப்பு. களைத்த சிரிப்பு. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு வேற வேல இல்லயா? ராத்திரி யாரு இவள பாத்ரூம் கூட்டிட்டுப் போறது? நீங்களா வரப்போறீங்க?"

அவள் பின்னாலிருந்து குழந்தை நுழைந்தாள். கையில் சுருட்டிய பாய். அதைக் கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் விரித்தாள், பெட்டியை ஒட்டி. தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"நான் காவல் இருக்கேன்ப்பா. பேய் வந்தா என்னத் தாண்டித்தான் உன்கிட்ட வரணும்."

இரண்டு. இரண்டு. இரண்டு. இரண்டு.

"அய்யோ, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு" என்று மனைவி கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "ஒரே பக்கமா படுத்து உடம்பு புண்ணாவுதுன்னுதான் இவ்ளோ தவிக்கிறாரு. நான் ஒருத்தி, மறந்தே போயிட்டேன்." தோளுக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் கையைக் கொடுத்தாள். போர்வையின் நீலம், குழந்தையின் எண்ணெய் தடவிய தலை, பாயின் சிவப்பு ஓரம், எல்லாம் அவன் கண்ணிலிருந்து வழுக்கிக்கொண்டு போயின. கூரை வந்தது. மின்விசிறி வந்தது. வலப்பக்கம் வந்தது. "இப்ப சுகமா இருக்கா?"

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. விளக்கை அணைத்தாள். கூடத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது, அறைக்குள் வந்துவிடக் கூடாது என்று முனகிக்கொண்டே கதவைச் சாத்தினாள். வெளியிலிருந்து பழைய புடவையைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் திணிக்கிற சத்தம் கேட்டது. நன்றாக, இறுக்கமாக, ஓர் இடுக்கு விடாமல்.

உஸ். டக். ஹா.

எதிரே இரும்பு பீரோ. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. சாம்பல் நிற வெளிச்சத்தில் அவன் தன்னையே பார்த்தான், தொண்டையில் குழாயோடு ஒரு மரக்கட்டை. கண்ணைத் தாழ்த்தினான். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் கட்டிலின் அடி தெரிந்தது. கட்டிலுக்கு அடியில், அந்தப் பக்கத்துத் தரை தெரிந்தது. பாயின் சிவப்பு ஓரம். ஒரு சின்னக் கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி. தூங்கிவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். அந்தக் கைக்குப் பின்னால் போர்வையின் ஓரம், இப்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

அது ஏறி இறங்கியது.

அவன் பார்த்தான். இயந்திரம் அவனுக்குள் காற்றை அனுப்பியபோது போர்வை எழுந்தது. இயந்திரம் விட்டபோது தணிந்தது. மின்விசிறிக் காற்று என்று சொல்லிக்கொண்டான். உஸ், எழுந்தது. ஹா, தணிந்தது. தணியும்போது முன்பு இருந்த இடம் வரைக்கும் தணியவில்லை.

டிக். டிக்.

யாராவது வந்து சுவிட்சை அணைத்து, பலூனை மாட்டி அமுக்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு நிமிட வேலை. பலூன் அவன் தலைக்கு மேலேயே தொங்கியது. அமுக்காவிட்டாலும் பரவாயில்லை. அவளை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் போதும். இவ்வளவுதான் அவன் கேட்டது.

டிக் டிக் டிக்.

பிறகு நீளமாக ஒரு சீறல். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, ஆனால் அடங்காமல்.

போர்வைக்கு அடியிலிருந்து வெள்ளை வந்தது.

அவசரமே இல்லை அதற்கு. பால் கொட்டியதுபோலத் தரையில் படர்ந்தது. பாயின் ஓரத்தில் தயங்கியது. ஏறியது. சின்ன விரல்கள் மறைந்தன. உள்ளங்கை மறைந்தது. மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு கொஞ்ச நேரம் தெரிந்தது.

குழந்தை ஒரு தடவை இருமினாள். எழவில்லை.

எழுந்திரு. எழுந்திரு.

வெள்ளை கட்டிலுக்கு அடியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்தது. ஸ்டூலின் கால்களைச் சுற்றியது. மூச்சு இயந்திரம் காற்றை இழுக்கிற துவாரம் பின்பக்கம், தாழ்வாக இருந்தது. வெள்ளை அங்கே ஒரு நூலாகத் திரண்டு மேலே எழுந்தது.

உஸ்.

நெஞ்சுக்குள் நெருப்பு.

அவன் உடம்பு அவனைக் கேட்காமல் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இருமல். அது வந்தது. குழாய் உதறியது. இன்னொன்று. இயந்திரம் முட்டியது, திணறியது, கத்த ஆரம்பித்தது. பீப். பீப். பீப்.

அலாரம்! இந்த வீட்டில் யாரும் பிடுங்கி எறியாத ஒரே அலாரம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு குரல். கத்து. இன்னும் கத்து. கூடத்தில் பாத்திரம் விழுந்தது. தண்ணீரைச் சளசளவென்று உழக்கிக்கொண்டு கால்கள் ஓடி வந்தன.

"வந்துட்டேங்க! வந்துட்டேன்!"

வந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போவாள்.

பீரோக் கண்ணாடியில் தெரிந்த கதவுக்கு மேலே, சின்ன ஜன்னலில் வெளிச்சம் விழுந்தது. மஞ்சளாக. ஆடி ஆடி.

டார்ச்சைத் தம்பி எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

வேண்டாம்.

புடவைச் சுருளை உதைத்துத் தள்ளிக்கொண்டு கதவு திறந்தது. அதே கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கலைந்த தலை. ஒரு கையில் மெழுகுவர்த்தி, காற்றில் அணையாமல் இருக்க இன்னொரு கையைக் குவித்து அதைப் பத்திரமாக மறைத்திருந்தாள். கணுக்கால் அளவுக்கு வெள்ளை அவளைச் சுற்றி விலகி மறுபடி கூடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைத்தான் பார்த்தாள். கண்ணாடி வழியாக, நேராக.

இரண்டு. இரண்டு. இரண்டு.

"என்ன? என்ன வேணும்? வலிக்குதா?"

இரண்டு.

"சளியா?"

இரண்டு. இரண்டு.

அப்போது தரையில் குழந்தை இருமினாள். மனைவி திரும்பினாள். இருட்டில் பாய் தெரியவில்லை, பாயில் இருப்பவள் தெரியவில்லை.

"குட்டி? எங்கடி இருக்க?"

அவள் குனிந்தாள். மெழுகுவர்த்தியும் அவளோடு குனிந்தது.